இமயமலைப் புதைபடிவ மோசடி
சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகப் புவியியலாளர் விஸ்வஜித் குப்தா, வேற்று நாட்டுப் புதைபடிவங்களை இமயமலையில் கண்டெடுத்ததாக 1960கள் முதல் எழுதிக் குவித்த கட்டுரைகள் தொடர்பான மோசடி. நியூயார்க் மாநில ஆம்ஸ்டெல் ஓடைக் கோனோடான்ட்டுகளும், மொராக்கோ அம்மோனாய்டுகளும் அப்புதைபடிவங்களுள் அடக்கம். ஆஸ்திரேலியத் தொல்லுயிரியலாளர் ஜான் டேலன்ட் 1989இல் ‘நேச்சர்’ இதழில் அம்பலப்படுத்தும்வரை கால் நூற்றாண்டு இது நீடித்தது. வியப்பதற்கில்லை. கிடைத்த இடம் மங்கலாகவே குறிக்கப்பட்டது. எட்டாத மலைகளுக்குப் போய்ச் சரிபார்ப்பதும் அரிது. இணையாசிரியர்களான வல்லுநர்கள் கைக்கு வந்த படிவத்தை மட்டும் ஆராய்ந்தனர். படிவம் மெய், முகவரிதான் பொய். அத்தரவுகளை நம்பிப் பிறர் எழுதியவற்றிலும் பிழை ஊறியது. குற்றம் உறுதியான பின்னும் குப்தா பணியில் நீடித்து 2002இல் ஓய்வுபெற்றார். கட்டுரைகளில் பெரும்பாலானவை திரும்பப் பெறப்படவே இல்லை.