அசலுக்கு இரண்டு மடங்கு

1934 ஆகஸ்டு 21 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது. தஞ்சாவூர் ஜில்லாவின் கடைமடை வரை தண்ணீர் எட்டும் என்ற நம்பிக்கை அன்றுதான் அணையாக எழுந்து நின்றது. ஆனால் அதே வருஷத்தில், விளைந்த நெல்லை விற்றுக் கடனைக் கட்ட வழியில்லாமல் காவிரிக் கரை முழுவதும் திணறிக்கொண்டிருந்தது. 1929-இல் தொடங்கிய உலக மந்தத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்திருந்தது. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் மலிவாக வந்து இறங்கின. விலைதான் விழுந்ததே தவிர கிஸ்தியும் புரோநோட்டு வட்டியும் ரூபாயில் எழுதப்பட்டபடியே நின்றன. நாற்பது கலம் விற்று அடைத்த பாக்கிக்கு இப்போது எண்பது கலம் வேண்டியிருந்தது.

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 1938-ஆம் வருஷத்து மதராஸ் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். இன்று கடன் தள்ளுபடி என்றால் நாம் நினைப்பது ஒன்று. அந்தச் சட்டம் செய்தது முற்றிலும் வேறொன்று.

கடன் அதற்கு முன்பே ஊறிப்போன நோய். 1895-இல் பிரெடெரிக் நிக்கல்சன் மதராஸ் மாகாணத்துக் கிராமக் கடனை 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திய கிராமச் சங்கங்களைப் போல இங்கும் வேண்டும் என்றார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. மாகாணத்தின் முதல் சங்கம் செங்கல்பட்டு ஜில்லா திரூரில் தொடங்கியது. அதே வருஷம் கும்பகோணத்தில் ஒரு வங்கியும் பிறந்தது, இன்றைய சிட்டி யூனியன் வங்கி. ஆனால் சங்கமும் வங்கியும் ஊரின் கடனில் ஒரு மூலையைத்தான் தொட்டன. 1930-இல் வங்கி விசாரணைக் குழு மாகாணக் கிராமக் கடனை 150 கோடி என்றது. 1935-இல் தனி அதிகாரி சத்தியநாதன் கொடுத்த அறிக்கை அதை 200 கோடி என்றது. மந்தத்தின் ஐந்து வருஷத்தில் ஐம்பது கோடி கூடியிருந்தது. அதில் புதிதாகக் கைமாற்றிய பணத்தைவிட, கட்ட முடியாமல் அசலில் ஏறிய வட்டியே அதிகம் என்பது என் எண்ணம்.

திவால் சட்டம் இருக்கவே செய்தது. 1920-ஆம் வருஷத்து மாகாண இன்சால்வென்சி சட்டப்படி 500 ரூபாய்க்கு மேல் கடன் உள்ளவர் கோர்ட்டில் ஐ.பி. என்னும் திவால் மனு கொடுக்கலாம். கொடுத்தால் சொத்து கோர்ட்டின் கைக்குப் போகும். ரிசீவர் அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். கடையை மூடிவிட்டு வேறு ஊரில் பிழைக்கிற வியாபாரிக்கு அது ஒரு வழி. நிலத்தை விட்டால் வேறு பிழைப்பில்லாத குடியானவருக்கு அது வழியே அல்ல. கடனிலிருந்து விடுபடுவதற்கு விலையாக நிலத்தையே கேட்டது அந்தச் சட்டம். 1936-இல் வந்த கடன் சமரசச் சட்டமோ கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் நகராது. நிலம் கையில் இருக்க வேண்டும், கடன் குறைய வேண்டும், கொடுத்தவரின் சம்மதத்துக்குக் காத்திருக்கவும் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்த ஏற்பாடு எதுவும் அதுவரை இல்லை.

1937 ஜூலை 14 அன்று ராஜாஜி மாகாணப் பிரதமரானார். அடுத்த வருஷம் மார்ச் 22 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அதன் எட்டாவது பிரிவைப் படிக்கிறபோதெல்லாம் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. 1924-இல் ஒருவர் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்கு 1,000 ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்தில் நோட்டு காலாவதியாகிவிடும். அதனால் தவணை வரும்போதெல்லாம் வட்டிப் பாக்கியையும் சேர்த்துப் புது நோட்டு எழுதுவார்கள். 1,000 என்பது 1,300 ஆகி, 1,700 ஆகி ஏறும். 1937 வரையிலான பதின்மூன்று வருஷத்தில் அவர் மொத்தம் 1,400 ரூபாய் கட்டியிருப்பார். ஆனாலும் கடைசி நோட்டின்படி 1,900-க்கு மேல் பாக்கி நிற்கும். கோர்ட்டுக்குப் போனால் கடைசி நோட்டுத்தான் பேசும். அமீனா ஜப்தியோடு வந்து நிற்பார்.

இந்தச் சட்டம் கடைசி நோட்டைப் பார்க்கவில்லை. எத்தனை தடவை புதுப்பித்திருந்தாலும் முதன்முதலில் கைக்கு வந்த பணம் எவ்வளவு என்று கேட்டது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை ஏறி நின்ற வட்டிப் பாக்கி முழுவதும் ரத்து. அசலும் வட்டியுமாகச் சேர்த்து அசலின் இரண்டு மடங்கை ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. கட்டியது குறைவு என்றால், இரண்டு மடங்குக்கு மீதி எவ்வளவோ அது, அல்லது நிற்கும் அசல், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். நம் 1,000 ரூபாய்க் குடியானவர் 600 ரூபாயோடு வெளியே வந்துவிடுவார். 1932-க்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு வட்டியை நூற்றுக்கு ஐந்து என்று திரும்பக் கணக்கிட்டார்கள். இனிமேல் வாங்கப்போகிற கடனுக்கு உச்சவரம்பு ஆறேகால் சதவீதத் தனிவட்டி. அதைக் கிராமத்துக்குப் புரியும் கணக்கில் சட்டமே எழுதி வைத்தது: ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி.

வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்பது பழைய தர்ம சாஸ்திர விதிதான். பம்பாய்க் கோர்ட்டுகள் அதை மதித்தன. மதராஸ் மாகாணத்தில் அது செல்லாமல் கிடந்தது. சட்டசபை அதை வேறு உருவில் திரும்பக் கொண்டுவந்தது.

கடன் கொடுத்தவர்களில் ஏழைகளும் உண்டு என்பதை இயற்றியவர்கள் மறக்கவில்லை. வேறு சொத்தே இல்லாத ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய கடன், அசல் 3,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால், சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. வட்டி வருமானத்தில் காலம் தள்ளிய கைம்பெண்கள் அக்கிரகாரங்களில் எத்தனையோ பேர். அந்த விதிவிலக்கை எழுதிய கைக்குக் கிராமம் தெரிந்திருந்தது.

எதிர்ப்பு கடுமையாக வந்தது. புரோநோட்டு மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வருவது, மாகாணம் அதில் கைவைக்க முடியாது என்று வழக்கு தில்லி ஃபெடரல் கோர்ட் வரை போனது. சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமி கவுண்டன் என்ற அந்த வழக்கில் 1940-இல் சட்டம் பிழைத்தது.

ஆனால் தஞ்சாவூரில் அது யாரைத் தொட்டது? விவசாயி என்பதற்குச் சட்டம் சொன்ன இலக்கணத்தின் மையம், விற்கக்கூடிய உரிமையோடு நிலம் இருப்பது. டெல்டாவில் சேற்றில் இறங்கியவர்களில் பெரும்பகுதி பண்ணையாட்களும் வாரத்துக்கு உழுதவர்களும். பண்ணையாளின் கடன் கல்யாணத்துக்கோ சாவுக்கோ மிராசுதாரிடம் வாங்கிய சில கலம் நெல், சில ரூபாய். அதற்கு நோட்டும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. ஆளே அதற்கு ஈடு. தலைமுறைகளைக் கட்டிப்போட்ட அந்தக் கடன் இந்தச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. பொருளாதார அறிஞர் பி. வி. நாராயணசாமி நாயுடுவின் 1946-ஆம் வருஷத்து விசாரணை இதைக் கணக்காகவே காட்டியது. யுத்தகால விலையேற்றத்தில் மாகாணக் கடன் 272 கோடியிலிருந்து 218 கோடியாக இறங்கியது. பெரிய நிலக்காரர்களின் சுமை நன்றாகக் குறைந்தது. கூலிக்காரர்களின் கடன் மட்டும் ஏறியிருந்தது.

அவர்களுக்கான சட்டம், கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் கீழத்தஞ்சையில் வருஷக்கணக்காகப் போராடிய பிறகே வந்தது. அதையும் பிறப்பித்தது ராஜாஜி அரசுதான்: 1952 ஆகஸ்டில் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம். மகசூலில் ஐந்தில் இரண்டு பங்கு உழுதவருக்கு என்றது அது.

1938-இன் சட்டத்தில் கூட்டுறவுச் சங்கக் கடன் சேராது. அது தனியார் கடனை வெட்டியது, நஷ்டத்தைக் கொடுத்தவர் ஏற்றார். இப்போது நிலைமை தலைகீழ். 2016-இல் 5,780 கோடி, 2021-இல் 12,110 கோடி என்று தமிழக அரசு தள்ளுபடி செய்தது முழுக்கக் கூட்டுறவு விவசாயக் கடன், நஷ்டம் கஜானாவுக்கு. அந்த உதவி கிடைத்த குடும்பங்களுக்கு அது பெரிய மூச்சு, அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் பயிர்க்கடன் வாங்க அடங்கல் என்ற சாகுபடிப் பதிவு வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் குறுவையும் சம்பாவும் போடுகிறவரின் பெயர் அடங்கலில் ஏறுவதில்லை. 1969-இல் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தும் பல ஊர்களில் நிலக்காரர் சம்மதிப்பதில்லை. அந்தக் குத்தகைக்காரர் நகையை அடகு வைக்கிறார், மனைவி மகளிர் குழுவில் வாங்குகிறார், மீதிக்குத் தண்டல்காரர். அந்த இரண்டு தள்ளுபடிகளின் பட்டியலில் இதில் எதுவும் இல்லை.

திவால் வழியும் அவருக்குத் திறக்கவில்லை. 2016-இன் திவால் சட்டத்தில் தனிநபருக்கென எழுதிய பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் அந்த 1920-இன் ஐ.பி.தான். 2025-இல் தமிழக சட்டசபை நிறைவேற்றிய சட்டம், வீட்டு வாசலில் வந்து மிரட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கியது. குழுக்கடன் வசூலுக்குப் பயந்து பெண்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் தெருக்களுக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் அது வசூலிக்கும் முறையைப் பற்றிய சட்டம். முதலில் கைக்கு வந்த பணம் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, இரண்டு மடங்கு கட்டி முடித்தாயிற்றா என்று 1938 கேட்ட கேள்வியை அது கேட்கவில்லை.