ஸ்டார்லிங்கைப் பறிகொடுத்தவர்கள்

தொடர் நாவல்களை வாசிப்பவனுக்குப் பாத்திரங்களின் மீது ஒருவித உரிமை தானாகவே வந்துவிடுகிறது. எழுத்தாளன் அதை மதித்தாக வேண்டுமா என்ற கேள்வியை 1999இல் வெளியான தாமஸ் ஹாரிஸின் ‘ஹானிபல்’ கூர்மையாக எழுப்பியது.

‘ரெட் டிராகன்’ 1981இலும் ‘தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’ 1988இலும் வெளிவந்தன. பின்னதில் எஃப்.பி.ஐ. பயிற்சி மாணவியாக அறிமுகமாகும் கிளாரிஸ் ஸ்டார்லிங், நரமாமிசம் உண்ணும் மனநல மருத்துவர் லெக்டரின் எதிரே அஞ்சாது அமர்பவள். 1991இல் வந்த திரைப்படம் முதன்மையான ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது; ஜோடி ஃபாஸ்டரின் முகமே அவள் முகமாயிற்று. பதினோராண்டுக் காத்திருப்புக்குப்பின் வந்த நாவலிலோ, மருந்தாலும் மனவசியத்தாலும் மாற்றப்பட்ட ஸ்டார்லிங், புவெனஸ் அயர்ஸில் லெக்டரின் துணைவியாக வாழ்கிறாள்.

பலரும் இதைத் துரோகமென்றே கொண்டனர். மார்ட்டின் ஏமிஸ் கடுமையாகச் சாடினார்; ஸ்டீஃபன் கிங்கோ வியந்து பாராட்டினார். ஃபாஸ்டர் மீண்டும் நடிக்கவில்லை. ஜூலியன் மூர் நடித்து 2001இல் வெளியான படத்தில் முடிவே மாறியது: ஸ்டார்லிங் லெக்டருக்கு விலங்கிடுகிறாள், அவனோ தன் கையையே வெட்டிக்கொண்டு தப்புகிறான்.

வாசகரின் சினம் நியாயமானதே. அவள் தேர்ந்தெடுத்த வாழ்வல்ல அது. அவளது மனவுறுதியைச் சிதைத்துப் பெற்றது. ஆயினும், அந்தக் கொலைகாரனின் சொல்நயத்தில் மயங்கி, அவன் தப்பியபோது உள்ளூர மகிழ்ந்தவர்கள் நாமல்லவா? நமக்கு மருந்து எவரும் புகட்டவில்லை. ‘ஹானிபல்’ இன்றும் உறுத்துவது அதனால்தான் என்று தோன்றுகிறது.