மிஸ்ஸிங் பார்த்த கதை

நான் தொழில் பழகிய காலத்தில் மிஸ்ஸிங் என்பது என்ஜினோடு நின்றுவிடும் கோளாறு. நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாது; வண்டி குலுங்கும், மேட்டில் இழுக்காது, பெட்ரோலைக் குடிக்கும். எரியாத பெட்ரோல் சைலென்சர் வழியே வெளியே போய்விடும். போகிற வழியில் கெட்டுப்போக அங்கே எதுவும் கிடையாது. 1995-இல் அந்த வழியில் ஒரு புதுப் பொருளைக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் தொழிலின் வரலாற்றை அந்த வருடத்துக்கு முன், பின் என்று பிரித்துத்தான் என்னால் சொல்ல முடியும்.

முன் என்றால் சென்னைப் புதுப்பேட்டை. அம்பாசிடர், பத்மினி, எப்போதாவது ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மேஸ்திரி வண்டியை ஐடிலில் விட்டுவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கழற்றியதும் சத்தம் தாழ்ந்தால் அந்த சிலிண்டர் நல்லது. எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் கோளாறு அங்கேதான். பிறகு மைக்கோ பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். பிஸ்கட் நிறமாக இருந்தால் சரி. கரிப்பொடி படிந்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் கூடுதல். எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் தேய்ந்துவிட்டது அல்லது வால்வு சீல் போய்விட்டது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பெரும்பாலும் நம்மூர்ச் சரக்கு. லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனி 1961-லேயே சென்னையின் பாடியில் வந்துவிட்டது. கான்டாக்ட் பாயிண்ட் கருகியிருந்தால் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் தேய்த்து, ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி வைப்பார்கள். ஐப்பசி மழையில் வரும் மிஸ்ஸிங் வண்டிகளில் பலவற்றுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்துக் காயவைத்தாலே போதும்.

அந்தப் புதுப் பொருள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதன் கதை லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்குகிறது. 1940-களில் அந்த ஊரைக் கண்ணெரிச்சலோடு மூடிய புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று வெகுநாள் யாருக்கும் பிடிபடவில்லை. கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர்தான் விடை சொன்னார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து அந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன. அதாவது ஒவ்வொரு மிஸ்ஸிங் வண்டியும் அதற்குத் தன் பங்கைச் சேர்த்துக்கொண்டிருந்தது. யூஜீன் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1950-களிலேயே புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் படிந்தால் கன்வெர்ட்டரின் வேலை நின்றுவிடும். அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் கார் கம்பெனிகளின் கழுத்தைப் பிடித்தபிறகுதான், 1975 மாடல் முதல், ஈயமில்லாப் பெட்ரோலும் கன்வெர்ட்டரும் சேர்ந்து சாலைக்கு வந்தன. ஹூட்ரி அதற்கு முன்பே, 1962-இல் இறந்துவிட்டார். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்ணிய துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் அங்கேயே எரித்துவிடும். பின்னால் வந்த மூவழிக் கன்வெர்ட்டர் நைட்ரஜன் ஆக்சைடையும் பிரித்துவிடும்.

நம் நாட்டில் டெல்லி, மும்பை, கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நகரங்களில் 1995 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா டெல்லியின் காற்றுக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த நெருக்கடியும் இதற்குப் பின்னால் உண்டு. ஆனால் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். இடையில் அந்த ஐந்து வருடம் கன்வெர்ட்டர்களுக்குப் பொல்லாத காலம். சென்னையில் வாங்கிய கார் வெளியூர் போய், கிடைத்த ஈயப் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு திரும்பும். ‘வண்டி அடைக்குது, பிக்கப் இல்லை’ என்று வருவார்கள். ‘அந்த டப்பாவை எடுத்துடுங்க’ என்பார்கள். அந்தக் கெட்ட பழக்கம் அங்கே தொடங்கியது, இன்னும் போகவில்லை.

எங்களுக்கு விழுந்த பெரிய அடி வேறு. மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முதல் பாடமே தப்பாகிப்போனது. ஓடும் என்ஜினில் பிளக் வயரைக் கழற்றினால், அந்த சிலிண்டரின் பெட்ரோலும் காற்றும் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டினால் பூச்சு பாழாகும். அதற்கும் மேலே போனால் பீங்கானே உருகிவிடும். கோளாறைத் தேடுகிற வேலையே இன்னொரு கோளாறை உண்டாக்கியது. அதனால் இன்று பிளக் வயரை விட்டுவிட்டு இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுகிறோம். பெட்ரோலும் நின்றுவிடும், சத்தம் தாழ்கிறதா என்பதும் தெரிந்துவிடும். மேஸ்திரியின் காது இன்றும் வேண்டும்; கை வைக்கிற இடம்தான் மாறியிருக்கிறது.

கம்ப்யூட்டரும் வந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறை கட்டாயம். கிராங்க் சென்சார் ஒவ்வொரு எரிதலுக்கும் கிராங்க் எவ்வளவு உந்துகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஓர் உந்தல் குறைந்தால் மிஸ்ஸிங் என்று ஒரு கோடாக (code) எழுதிவைக்கும். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0420 என்றால் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் ஏறி இறங்கும். பின்னால் உள்ளது நிதானமாக நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால் கன்வெர்ட்டர் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு கோடும் சேர்ந்து வந்த ஒரு 2004 மாடல் பெட்ரோல் எஸ்யூவியைச் சொல்ல வேண்டும். சில வருடம் எல்பிஜியில் ஓடிய வண்டி. சூடானதும் சிக்னலில் நின்றால் குலுங்கும். வேறோர் இடத்தில் ‘முதல்ல கன்வெர்ட்டரை மாத்துங்க சார்’ என்று பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போட்டேன். கோடு பி0303 ஆக மாறியிருந்தால் காயில்தான் குற்றவாளி, மாறவில்லை. பிளக்கை மாற்றினேன், அதே பி0302. குளிர்ந்த என்ஜினில் கம்ப்ரஷன் சரியாக இருந்தது. நன்றாகச் சூடாக்கிப் பார்த்தால் இரண்டாவதில் மட்டும் இறங்கியிருந்தது. மூடியைத் திறந்து எக்ஸாஸ்ட் வால்வில் ஃபீலர் கேஜை விட்டால் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. எல்பிஜி ஓட்டத்தில் வால்வு சீட் தேய, வால்வு மேலேறி டேப்பெட் இடைவெளி இல்லாமல் போயிருந்தது. சூட்டில் வால்வு நீளும்போது முழுசாக மூடவில்லை. வால்வு இன்னும் கருகவில்லை என்பது அந்த வண்டியின் அதிர்ஷ்டம். இடைவெளி வைத்ததும் குலுக்கல் நின்றது.

கொஞ்ச நாளில் பி0420 மட்டும் திரும்ப வந்தது. ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரைத் தட்டினால் உள்ளே கலகலவென்றது. கழற்றிப் பார்த்தபோது பீங்கானின் முன்முகம் உருகிப் பளபளத்தது. ஆக, கன்வெர்ட்டர் மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதை முதலில் மாற்றியிருந்தால் அதே மிஸ்ஸிங் புதியதையும் தின்றிருக்கும். நான் பார்த்த கன்வெர்ட்டர்களில் தானாக மூப்படைந்து ஓய்ந்தவை குறைவு. மேலே இருக்கும் என்ஜின் கெடுத்தவைதான் அதிகம்.

ஏன் கெட்டது என்று கேட்காமல் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் பைப்பை வெல்டிங் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உள்ளே இருக்கும் பிளாட்டினத்துக்காகப் பழைய கன்வெர்ட்டரை நல்ல விலைக்கு எடுக்கிறார்கள். வண்டிக்காரருக்கு அது தெரிவதில்லை. அந்தப் புகையைப் பின்னால் வரும் பைக்காரர் சுவாசிக்கிறார்.

பழைய பெட்ரோல் எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செக் என்ஜின் லைட் நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். விட்டு விட்டுச் சிமிட்டினால் கன்வெர்ட்டர் அந்த நிமிடமே சூடாகிக்கொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டு ஓரம் கட்டுங்கள். ‘கன்வெர்ட்டர் போச்சு’ என்று யாராவது சொன்னால், அது ஏன் போச்சு என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும்வரை காசை எடுக்காதீர்கள்.