தருமபுரி மலைவழிப் போக்குவரத்து

தமிழ்நாட்டின் வடமேற்கில் உள்ள தருமபுரி மாவட்டத்தின் கணவாய்கள், மலைச்சாலைகள், மலையூர்ப் பேருந்துகள், சுற்றுலாத் தல வாகன நெரிசல் ஆகியவற்றின் வரலாறு இக்கட்டுரையின் பொருள். இம்மாவட்டத்தில் மலைப் போக்குவரத்துச் சிக்கல் இரண்டு எதிரெதிர் வடிவங்களில் இருக்கிறது. தொப்பூர் கணவாயிலும் ஒகேனக்கல்லிலும் வண்டிகள் அளவுக்கு மீறி வருகின்றன. வத்தல்மலை, சித்தேரி, கோட்டூர் மலை ஆகிய பகுதிகளில் வண்டி வராதது நெடுங்காலக் குறையாக இருந்தது. சில ஊர்களில் இன்றும் அப்படித்தான். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மாவட்டத்தின் போக்குவரத்து வரலாறு விளங்கும்.

நில அமைப்பு

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தருமபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 460 மீட்டர் உயரத்திலும், தெற்கே உள்ள சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் உள்ளன. பாராமகால் என்று முன்பு அழைக்கப்பட்ட இந்த மேட்டுநிலத்திலிருந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்கும் வாசல்தான் தொப்பூர் கணவாய். மேற்கே பென்னாகரத்தைக் கடந்தால் நிலம் காடுகளின் வழியே காவிரியை நோக்கிச் சரிகிறது; அந்தச் சரிவின் அடியில் ஒகேனக்கல் இருக்கிறது. நகருக்கு அருகே வத்தல்மலையும், கிழக்கே அரூர்ப் பகுதியில் சித்தேரி மலையும் உள்ளன. இவ்விரு மலைகளிலும் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர்.

பெருவழியும் படைவழியும்

தகடூர் என்று பழம்பெயர் கொண்ட இப்பகுதியைக் கடந்து சென்ற நெடுஞ்சாலைக்கு அதியமான் பெருவழி என்று பெயர். ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் தூரக் கற்கள் தருமபுரிப் பகுதியில் கிடைத்துள்ளன. நாவல்தாவளம் என்னும் ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்பதை அவை சொல்கின்றன. எழுத்தறியாத வழிப்போக்கரும் தூரத்தைத் தெரிந்துகொள்ளும்படி, எழுத்தில் உள்ள எண்ணைக் குழிகளாகவும் செதுக்கியிருக்கிறார்கள். சாலையில் நடப்பவர் எல்லாருக்கும் சாலை பேச வேண்டும் என்று எண்ணிய ஒருவர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்திருக்கிறார். இம்மாவட்டம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி அது.

18ஆம் நூற்றாண்டில் இவ்வழிகள் படைவழிகளாக மாறின. மைசூரிலிருந்து சோழ, கொங்கு நாடுகளுக்கு இறங்கும் படைகளுக்குத் தொப்பூர் முக்கியமான கணவாய். மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 நவம்பரில், ஆங்கிலேயத் தளபதி மெடோஸின் படை பின்தொடர, திப்பு சுல்தான் இக்கணவாய் வழியே தெற்கே இறங்கித் திருச்சிராப்பள்ளியை நோக்கிச் சென்றார். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராகத் தருமபுரியில் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தனர்.

பஞ்சகால ரயில்

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, உணவு தானியத்தை வறண்ட பகுதிகளுக்கு விரைந்து கொண்டு செல்லும் நோக்கில் பல இடங்களில் பஞ்சநிவாரண ரயில் பாதைகள் போடப்பட்டன. அவற்றுள் ஒன்று மொரப்பூர்–தருமபுரி குறும்பாதை. இரண்டரை அடி அகலம் கொண்ட இப்பாதை 1906இல் திறக்கப்பட்டு, 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், மூடப்பட்டது, தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. மொரப்பூர்–தருமபுரி இடையே மீண்டும் ரயில் வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக எழுந்துவந்தது. 2019இல் ஏறத்தாழ 36 கி.மீ. நீளப் புதிய அகலப்பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

பின்னாளில் அமைந்த சேலம்–தருமபுரி–பெங்களூரு ரயில் பாதை தொப்பூர், முத்தம்பட்டி, சிவாடி வழியே மலையேறுகிறது. 2021 நவம்பர் 12 அதிகாலையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே மலையிலிருந்து பாறைகள் சரிந்து விழுந்தன. கண்ணூர்–யஷ்வந்த்பூர் விரைவு வண்டியின் பெட்டிகள் தடம் புரண்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளும் உயிர் தப்பினர். மழைக்காலத்தில் மலைச்சரிவைக் கண்காணிப்பது ரயிலுக்கும் சாலைக்கும் எத்தனை இன்றியமையாதது என்பதை அந்த விபத்து காட்டியது.

தொப்பூர் கணவாய்

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இக்கணவாய் வழியே இறங்குகிறது. 2010ஆம் ஆண்டு எண் மாற்றத்துக்கு முன் இது தேசிய நெடுஞ்சாலை 7. தங்க நாற்கரத் திட்டத்தோடு சேர்ந்து வந்த வடக்கு–தெற்கு நெடுவழித் திட்டத்தில் இது நான்கு வழிச் சாலையானது. அகலம் கூடியதும் வேகமும் கூடியது. மலையின் சரிவும் வளைவும் மட்டும் முன்பிருந்தபடியே இருந்தன. தொப்பூரில் நடக்கும் விபத்துகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வடக்கேயிருந்து வரும் பார லாரிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் ஓடிவிட்டுத் திடீரென்று இந்த இறக்கத்தைச் சந்திக்கின்றன. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். டீசலை மிச்சப்படுத்த எண்ணி வண்டியை நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் தரும் தடை அறவே போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்களின் பழைய பாடம். வேறு மாநிலத்து ஓட்டுநர்கள் பலருக்கு இந்த இடம் புதிது. தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகை மட்டும் அவர்களுக்குப் போதாது.

கட்டமேடு, இரட்டைப் பாலம், ஆஞ்சநேயர் கோவில் ஆகிய இடங்கள் விபத்துச் செய்திகளில் அடிக்கடி வரும் பெயர்கள். 2020 டிசம்பர் 12 அன்று இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த சரக்கு லாரி, முன்னே நெரிசலில் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியதில் நால்வர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று பாலத்தின்மேல் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதிக்கொண்டதில் மீண்டும் நால்வர் உயிரிழந்தனர். ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது. கண்காணிப்புக் கேமராவில் பதிவான அக்காட்சி நாடு முழுவதும் பரவியது.

வேகக் கட்டுப்பாடு, வேகத்தைப் பதியும் கேமராக்கள், ஒலிபெருக்கி எச்சரிக்கை, சாலைத் தடுப்புகள் எனக் காவல்துறையும் நெடுஞ்சாலை ஆணையமும் பல நடவடிக்கைகளை எடுத்துள்ளன. நிரந்தரத் தீர்வாக, சரிவைக் குறைத்து வளைவை நேராக்கும் ஏறத்தாழ 6.6 கி.மீ. நீள உயர்மட்டச் சாலைத் திட்டத்துக்கு 2024இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. திட்ட மதிப்பு 900 கோடி ரூபாய்க்கும் மேல். இந்த உயர்மட்டப் பாலம் சரிவை மாற்றலாம். இறக்கம் தொடங்குமுன் லாரி நின்று பிரேக்கை ஆறவிட இடமும், ஓட்டுநர் கண்ணயர ஓர் ஓய்வறையும், அவர் படிக்கக்கூடிய மொழியில் அறிவிப்பும் இருந்தால்தான் பாலத்தால் முழுப் பயன் கிடைக்கும்.

ஒகேனக்கல்

சுற்றுலாத் தலம் என்ற அளவில் வாகன நெரிசலும் நிறுத்துமிடச் சிக்கலும் மாவட்டத்தில் மிகுதியாக உணரப்படுவது ஒகேனக்கல்லில். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியே ஏறத்தாழ 46 கி.மீ. தூரம். பென்னாகரத்தைத் தாண்டி மடம் சோதனைச் சாவடியைக் கடந்தால் காப்புக்காட்டுக்குள் வளைந்து இறங்கும் மலைப்பாதை. ஊரோ ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் இடையே நெருக்குண்டு கிடக்கிறது. விரிவதற்கு அதற்கு இடமே இல்லை. அருவியில் குளிப்பவர், எண்ணெய் தேய்த்துவிடுவோர், பரிசல் ஓட்டுவோர், மீன் வறுத்து விற்கும் பெண்கள், நீத்தார் கடன் கழிக்க வருவோர் ஆகிய அனைவரும் அந்தச் சிறு பரப்பிலேயே கூடுகின்றனர்.

ஆடிப்பெருக்கு, கோடை விடுமுறை, தொடர் விடுமுறை நாள்களில் பெங்களூரு, சேலம், கிருஷ்ணகிரிப் பகுதிகளிலிருந்து கார்களும் வேன்களும் இருசக்கர வாகனங்களும் ஒரே சாலையில் இறங்குகின்றன. நிறுத்துமிடம் நிறைந்ததும் சாலையோரமே நிறுத்துமிடமாகிவிடும். பேருந்து வளைய முடியாது, அவசர ஊர்தி நுழைய முடியாது. காவிரியில் வெள்ளம் பெருகும் ஆண்டுகளில் நிலைமை வேறு. 2024 ஆடியில் நீர்வரத்து மிகுந்ததால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை விதிக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் பரிசல் ஓட்டுவோரும் சிறு வணிகரும் வருமானமின்றி இருக்க, செய்தி தெரியாமல் கிளம்பிய வண்டிகள் பாதி வழியில் திரும்புகின்றன.

இச்சாலைக்கு உரிமை கொண்டாடும் இன்னோர் உயிர் யானை. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் ஏறத்தாழ 686 ச.கி.மீ. பரப்பு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒகேனக்கல் சுற்றுவட்டாரக் காடுகள் யானைகள் இடம்பெயரும் நிலம். காட்டுக்குள் சாலையை அகலப்படுத்தி நெரிசலைத் தீர்க்கலாம் என்ற யோசனை அதனால் எளிதில் ஏற்கத்தக்கதாக இல்லை. கூட்ட நாள்களில் சொந்த வண்டிகளைப் பென்னாகரம் பக்கமே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்துகளில் கீழே அழைத்துச் செல்வதே காட்டுக்கும் பயணிக்கும் ஏற்ற வழி.

பேருந்தும் மலையூர்களும்

அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் மாவட்டவாரியாகப் பிரிந்திருந்த காலத்தில் தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் இயங்கியது. 1997இல் தலைவர்கள் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பகுதியானது. சமவெளி ஊர்களை அதன் நகரப் பேருந்துகள் இணைத்தன. மலையூர்களுக்கு அந்த நன்மை மிகத் தாமதமாகவே எட்டியது.

காப்பி, மிளகு, சிறுதானியம் விளையும் வத்தல்மலை நகருக்கு அருகிலேயே இருந்தும், அங்குள்ள சிற்றூர் மக்கள் நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கினர். விளைபொருள் தலைச்சுமையாகவே கீழே வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளுடன் தார்ச்சாலை அமைந்த பிறகும், சரக்கு வண்டிகளிலும் இருசக்கர வாகனங்களிலுமே அவர்கள் பயணம் செய்தனர். 2021 செப்டம்பரில் மலைக்கு வந்த முதலமைச்சர் மு. க. ஸ்டாலினிடம் பேருந்துக் கோரிக்கை வைக்கப்பட்டது. 2022இல் அரசுப் பேருந்து ஓடத் தொடங்கியது. விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு ஆகும் நேரத்தில் வந்த பேருந்து அது. சாலை வந்ததோடு சுற்றுலாப் பயணிகளும் வரத் தொடங்கியுள்ளனர். ஒகேனக்கல்லின் நெரிசல் இங்கும் வருமுன் திட்டமிட இதுவே தக்க நேரம்.

பென்னாகரம் பகுதியின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைமேல் ஏற்றிக் கொண்டு செல்லப்படுவது தேர்தல்தோறும் வரும் செய்தி. 2021 சட்டமன்றத் தேர்தலிலும் 2024 மக்களவைத் தேர்தலிலும் அப்படியே நடந்தது. கோட்டூர், ஏரிமலை, அலக்கட்டு போன்ற ஊர்களில் நோயாளியையும் கர்ப்பிணியையும் துணித்தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்க வேண்டிய நிலை இருந்துவந்துள்ளது. இவ்வூர்களைச் சுற்றிலும் காப்புக்காடு. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு நிலத்தில் சாலை போட மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்கு ஒரு வழி திறந்தது. சாலை, பள்ளி, மருந்தகம் போன்ற பொதுவசதி ஒவ்வொன்றுக்கும், கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டிப் பயன்படுத்தலாம். கோரிக்கை மனுவோடு நிற்காமல் இந்தப் பிரிவைக் கையாளக் கிராம சபைகளுக்கு மாவட்ட நிர்வாகம் துணைநின்றால் மலையூர்ச் சாலைகள் விரைவாக வரும்.

பிற மலைத்தலங்கள்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாகன நெரிசல் கட்டுக்கடங்காமல் போனதால், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. பேருந்துகளுக்கும் உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. மகாராட்டிரத்தின் மாத்தேரான் மலையில் கார்கள் தஸ்தூரி என்ற இடத்தோடு நின்றுவிடும். சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்குத் தலமான செர்மட்டுக்குச் செல்வோர் தேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ரயிலில் ஏறுகின்றனர். வண்டியை அடிவாரத்தில் நிறுத்துவது, மேலே பொதுப் போக்குவரத்தைக் கொண்டு செல்வது என்ற ஒரே கொள்கை மாத்தேரானிலும் செர்மட்டிலும் வெவ்வேறு அளவில் நடைமுறையில் உள்ளது.

மதிப்பீடு

தருமபுரியின் மலைவழிகள் பெரும்பாலும் கடந்து செல்வோருக்காகவே அமைந்தன. படைகள் கடந்தன, பஞ்ச தானியம் கடந்தது, இன்று லாரிகளும் சுற்றுலாக் கார்களும் கடக்கின்றன. மலைமேல் வாழ்வோருக்காக அமைந்தவை மிகச் சில. வத்தல்மலைப் பேருந்து அவற்றுள் முதன்மையானது. 900 கோடி ரூபாய்ப் பாலத்தோடு ஒப்பிட்டால் ஒரு மலையூர்ச் சாலைக்கும் நாளொன்றுக்குச் சில பேருந்துகளுக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது. அவற்றால் காக்கப்படும் உயிர்களின் மதிப்போ சிறிதும் குறைந்ததன்று. பள்ளி நேரத்துக்கும் மருத்துவமனை நேரத்துக்கும் பேருந்து வருகிறதா, பிரசவ வலி கண்ட பெண் வண்டியில் இறங்க முடிகிறதா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு மலையூரிலும் ஆம் என்ற விடை கிடைக்கும் வரை, எத்தனை வழி நெடுஞ்சாலை வந்தாலும் இம்மாவட்டத்தின் மலைப் போக்குவரத்து நிறைவு பெற்றதாகாது.