குழாயில் வந்த விலாங்கு

ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நம்ம ஊர்த் தெரு மாதிரிதான். இந்தப் பக்கம் வரிசையாக வீடுகள், அந்தப் பக்கம் வரிசையாக வீடுகள். இரண்டு பக்கத்து ஜனங்களும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். குழந்தைகள் நடுத்தெருவில் ஒன்றாகத்தான் விளையாடுகின்றன. திடீரென்று ஒருநாள் இந்தப் பக்கத்து வீடுகளில் சாவு விழ ஆரம்பிக்கிறது. வாந்தி, பேதி... காலையில் நன்றாக இருந்தவர் ராத்திரிக்குள் பிணம். அந்தப் பக்கம்? கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை!

பேய்க்கதை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1892-ல் ஜெர்மனியில் இப்படி ஒரு தெரு நிஜமாகவே இருந்தது. பெயர் ஷூல்டர்பிளாட். ஒரு பக்கம் ஹாம்பர்க் நகரம். எதிர்ப்பக்கம் பிரஷ்யாவைச் சேர்ந்த ஆல்டோனா என்ற வேறு ஊர். நடுவில் சுவர் கிடையாது, வேலி கிடையாது. பூமிக்கு அடியில் ஓடிய தண்ணீர்க் குழாய் மட்டும் வேறு வேறு.

2020-ல் கொரோனா வந்தபோது நாமெல்லோரும் உட்கார்ந்து ஒரு விவாதம் பண்ணினோமே, ஞாபகம் இருக்கிறதா? (டீக்கடைகளை மூடிவிட்டதால் வாட்ஸ்அப்பில்!) 'கடையைச் சாத்துன்னு சொல்ல அரசாங்கத்துக்கு என்ன உரிமை? வைத்தியம், சுகாதாரம் எல்லாம் அரசாங்கத்தோட வேலையா, இல்லை அவங்கவங்க பாடா? வியாபாரம் படுத்துப்போச்சுன்னா யார் சோறு போடறது?' எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் புதுக் கேள்விகள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இதே வாதத்தை ஹாம்பர்க்கின் பெரிய மனிதர்கள் வருஷக்கணக்கில் நிதானமாக, சுருட்டுப் பிடித்துக்கொண்டு நடத்தினார்கள்.

அன்றைய ஹாம்பர்க், ஜெர்மன் சாம்ராஜ்ஜியத்தின் ஒரு பகுதி என்றாலும் உள்ளூர் விவகாரங்களில் தன்னைத்தானே ஆண்டுகொண்ட சுதந்திர நகரம். ஆண்டவர்கள் பெரும்பாலும் வியாபாரிகளும் வக்கீல்களும். செனட்டில் 18 பேர். ஆயுள் முழுக்கப் பதவி! அதோடு 160 பேர் கொண்ட மக்கள் சபை ஒன்று. 'மக்கள்' என்பது பெயரில்தான். ஊரில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டே கிடையாது. அந்த 160-ல் 40 இடங்கள் வீடு, மனை வைத்திருப்பவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. இந்த 40 பேரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் யாருக்காவது வில்லன் வேஷம் கொடுத்தே தீரவேண்டும் என்றால், இவர்களுக்குத்தான் கொடுக்கணும்.

மோசமான ஆட்களா என்றால், அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஹாம்பர்க் துறைமுகத்தை உலகமே அண்ணாந்து பார்க்கும்படி வளர்த்தவர்கள் இவர்கள்தான். அவர்களுடைய சித்தாந்தம் ரொம்ப எளிமையானது. வரி குறைவாக இருக்கணும். அரசாங்கம் அநாவசியமாக மூக்கை நுழைக்கக் கூடாது. கப்பல் வரணும், போகணும். மற்றதெல்லாம் தானாக நடக்கும்!

தண்ணீரும் தானாகத்தான் வந்தது. 1842-ல் ஒரு பெரிய தீ விபத்தில் நகரின் நடுப்பகுதி எரிந்து போக, வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேய என்ஜினீயர் புதிதாகக் குழாயும் சாக்கடையும் போட்டுக் கொடுத்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. எல்பே நதியில், ஊருக்கு மேலே தண்ணீர் எடுத்தார்கள். ஊருக்குக் கீழே சாக்கடையை விட்டார்கள். சரிதானே? சரியில்லை. எல்பேயில் கடல் அலை ஏற்றம் உண்டு. ஏற்றத்தின்போது ஊர் அசுத்தமெல்லாம் மெல்ல மேலே ஏறி, தண்ணீர் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். வடிகட்டி கிடையாது. குழாய்க்குள் விலாங்கு மீன் உட்பட ஏராளமான ஜீவராசிகள் குடும்பம் நடத்தின. 1880-களில் கார்ல் கிரேப்லின் என்ற விலங்கியல் நிபுணர் 'ஹாம்பர்க் குழாய் நீரின் உயிரினங்கள்' பற்றி ஓர் ஆராய்ச்சியே வெளியிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

மணல் வடிகட்டி கட்டலாமா என்ற பேச்சு வருஷக்கணக்காக இழுத்தது. செலவு யார் தலையில்? மீட்டர் பொருத்தணுமா? வரி ஏறுமா? வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஃபைல் மேலே போனது, கீழே வந்தது. அதற்காக ஊரில் பணமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1886-ல் பிரமாண்டமான புது நகர மன்றக் கட்டடத்துக்கு வேலை தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் 1888-ல் மாபெரும் குடோன் வளாகம் திறந்தார்கள். அதற்காக ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யவேண்டியிருந்தது. வடிகட்டிக்கு ஒருவழியாக அனுமதி கிடைத்தது 1890-ல்!

ஆற்றில் இன்னும் கீழே இருந்த ஊர் ஆல்டோனா. ஹாம்பர்க்கின் சாக்கடையெல்லாம் கலந்த நீர்தான் அவர்கள் வாசலுக்கு வந்தது. வடிகட்டாமல் வாயில் வைக்க முடியாது. அதனால் 1859-லிருந்தே மணலில் வடிகட்டித்தான் குடித்தார்கள். நாற்றம் செய்த நன்மை.

1892 ஆகஸ்ட். கடும் வெயில். மாத நடுவில் துறைமுகத் தொழிலாளி ஒருவர், பிறகு இன்னொருவர் என்று விழுந்தார்கள். காலரா என்று சந்தேகப்பட்ட டாக்டரின் பேச்சு மேலிடத்தில் எடுபடவில்லை. 'கிருமியைக் கண்ணில் காட்டு, அப்புறம் பார்க்கலாம்' என்ற கதை. அவர்கள் பயமும் புரிகிறது. 'காலரா' என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் உலகத்தின் அத்தனை துறைமுகங்களும் ஹாம்பர்க் கப்பலுக்குக் கதவைச் சாத்தும். ஆகஸ்ட் 22-ல் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் கிருமி சிக்கிய பிறகுதான் மென்று முழுங்கி ஒப்புக்கொண்டார்கள்.

அதற்குச் சில நாள் முன்னால் 'மொராவியா' என்ற கப்பல், பிழைப்புத் தேடி அமெரிக்கா போகும் ஏழைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. 'இந்த ஊரில் தொற்றுநோய் எதுவும் இல்லை' என்ற சான்றிதழோடு! மாதக் கடைசியில் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது வழியில் 22 பேரைக் கடலில் இறக்கியிருந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள்.

பெர்லினிலிருந்து ராபர்ட் காக் வந்து இறங்கினார். காலராக் கிருமியைத் தேடி எகிப்துக்கும் கல்கத்தாவுக்கும் போய், 1884-ல் கல்கத்தாவில் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டிய அதே காக். ஹாம்பர்க்கின் சேரிச் சந்துகளுக்குள் நுழைந்து பார்த்தவர், 'ஐரோப்பாவில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோகிறது' என்று சொன்னதாகச் சொல்வார்கள். (இதில் நமக்கும் ஒரு குத்தல் இருக்கிறது, விடுங்கள்.)

அதற்கப்புறம் நடந்ததில் ஒரு தமாஷ் உண்டு. 'தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்று வீடு வீடாகச் சொல்லணும். அதற்கு அரசாங்கத்திடம் ஆள் இல்லை. குறைந்த செலவு அரசாங்கமாயிற்றே! ஏழைகளின் ஒவ்வொரு சந்தையும் அறிந்தவர்கள் ஊரில் ஒரே கூட்டம்தான்: சோஷலிஸ்ட்கள். 1890 வரை தனிச் சட்டம் போட்டு விரட்டி விரட்டி அடிக்கப்பட்டவர்கள். அவர்களிடமே போய், 'கொஞ்சம் நோட்டீஸ் கொடுத்து உதவ முடியுமா?' என்று கேட்க வேண்டியதாயிற்று. கொடுத்தார்கள்.

சில வாரங்களில் கிட்டத்தட்ட 17,000 பேரைக் காலரா தாக்கியது. 8,600 பேர் இறந்தார்கள். ஆயிரம் பேருக்கு 13 பேர் என்ற கணக்கு. அந்த வருஷம் ஜெர்மனியில் வேறு எந்தப் பெரிய நகரமும் இப்படிச் சாகவில்லை. பணக்காரர்கள் ரயிலேறித் தப்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் வீட்டில் வேலைக்காரி கொதிக்க வைத்துக் கொடுத்தாள். எதிர்ப்பக்கத்து ஆல்டோனாவில் ஆயிரத்துக்கு 2 பேர். அவர்களிலும் பலர் ஹாம்பர்க்கில் வேலைக்குப் போய் அங்கே தண்ணீர் குடித்தவர்கள் என்றார் காக்.

இயற்கை தானாக நடத்திக் காட்டிய ஒரு பரிசோதனை போல இருந்தது அது. ஆனாலும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? ம்ஹூம்! மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்று ஒரு பெரியவர், சுகாதாரத் துறையில் ஜாம்பவான். 'கிருமி மட்டும் போதாது; மண்ணும் நிலத்தடி நீரும் ஒத்துழைத்தால்தான் காலரா வரும்' என்பது அவர் கட்சி. அப்படியானால் வடிகட்டியும் வேண்டாம், துறைமுகத்தையும் மூட வேண்டாம். ஹாம்பர்க் வியாபாரிகளுக்கு இது எவ்வளவு இனித்திருக்கும்! அதற்காக அந்தக் கிழவரைக் காசுக்கு மாரடித்தவர் என்று நினைக்காதீர்கள். மியூனிக்குக்குச் சுத்தமான தண்ணீரும் சாக்கடையும் வரப் போராடியவர் அவர். 1892 அக்டோபர் 7-ம் தேதி, 73 வயதில், தன் கொள்கையை நிரூபிக்க ஹாம்பர்க்கிலிருந்து வந்த காலராக் கிருமிகளை எடுத்து மடக்கென்று குடித்தே விட்டார்! லேசான பேதியோடு பிழைத்தும் கொண்டார். நல்ல மனுஷன், பெரிய நெஞ்சழுத்தம், தப்பான கட்சி.

'அப்போ அரசாங்கம் சாட்டையை எடுத்திருக்கணும்கிறீங்களா?' என்று கேட்பீர்கள். அதே 1892-ல் அதையும் பார்க்கலாம், ரஷ்யாவில். அங்கே அரசாங்கம் என்றாலே ஏழைகளுக்கு போலீஸும் கொசாக் சிப்பாயும்தான். காலரா வந்ததும் நோயாளிகளைப் பலவந்தமாக முகாமுக்கு இழுத்துப்போனார்கள். 'டாக்டர்கள் விஷம் வைக்கிறார்கள், உயிரோடு புதைக்கிறார்கள்' என்று வதந்தி. அஸ்ட்ராகான், சராடோவ் ஊர்களில் பெரும் கலவரம். சராடோவ் வட்டாரத்தில் ஒரு டாக்டரைக் கூட்டம் அடித்தே கொன்றது. நேற்றுவரை எட்டிப் பார்க்காத சர்க்கார், திடீரென்று சாட்டையோடு வந்து 'உன் நல்லதுக்குத்தான்' என்றால் யார் நம்புவார்கள்?

ஹாம்பர்க்குக்கு வருவோம். எந்தக் கப்பலுக்காக வாயை மூடிக்கொண்டார்களோ, அந்தக் கப்பல்கள் சும்மா நின்றன. ஊர் ஊராக ஹாம்பர்க் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். வடிகட்டி வேலையை ராப்பகலாக முடுக்கி 1893 மே மாதம் முடித்தார்கள். முன்பு ஆற அமர ஓடிய ஃபைல்! பழியை யார் தலையிலாவது போட வேண்டுமே... அமெரிக்கா போகக் காத்திருந்த ரஷ்ய யூத ஏழைகள் கிடைத்தார்கள். 1896-ல் ஓட்டுரிமை கொஞ்சம் விரிந்தது. 1900-ல் ஜெர்மனி முழுமைக்கும் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது.

ஆல்டோனாக்காரர்களும் ரொம்பப் பெருமைப்பட வழியில்லை. 1893 ஜனவரியில் கடுங்குளிரில் அவர்கள் வடிகட்டி உறைந்து, சரியாகச் சுத்தம் செய்ய முடியாமல் போக, அங்கேயும் சின்னதாகக் காலரா தலைகாட்டியது. வடிகட்டி கட்டினால் மட்டும் போதாது, தினமும் ஒருவன் போய்ப் பார்க்கணும்!

அந்தப் பிரமாண்ட நகர மன்றம் 1897-ல் திறக்கப்பட்டது. இன்றும் ஹாம்பர்க் போனால் பார்க்கலாம். முற்றத்தில் ஓர் அழகான நீரூற்று. நடுவில் ஆரோக்கிய தேவதை ஹைஜியா நிற்கிறாள், காலடியில் ஒரு டிராகன். டூரிஸ்ட்டுகள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்த டிராகன்தான் காலரா என்பது கைடு சொன்னால்தான் தெரியும்.