பெரிய திரையில் ஆள் எங்கே?

2019 செப்டம்பர் 7, அதிகாலை. ஓசூரில் எங்கள் வீட்டில் யாரும் தூங்கலை. டிவியில் பெங்களூரு இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு அறை. பெரிய திரையில் விக்ரம் லேண்டர் இறங்கவேண்டிய பாதை ஒரு கோடு, இறங்கிக்கொண்டிருக்கும் இடம் ஒரு புள்ளி. புள்ளி கோட்டை விட்டு விலகி நின்றுவிட்டது. 2.1 கி.மீ. உயரத்துக்குப் பிறகு தொடர்பு இல்லை என்று இஸ்ரோ தலைவர் சிவன் அறிவிக்கச் சிறிது நேரமானது. ஆனால் நமக்கு முன்பே புரிந்துவிட்டது. புள்ளியைவிட, கேமரா காட்டிய முகங்கள்தான் அதைச் சொல்லின.

திரை வேலையைக் காட்டும். வேலை செய்கிற ஆளை எது காட்டும்? பழைய கேள்விதான்.

1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோ. மவுஸை மேடையேற்றிய டக்ளஸ் எங்கல்பார்ட்டுக்குப் பின்னால் 22 அடித் திரை. அவர் இயக்கிய கம்ப்யூட்டர் இருந்ததோ சுமார் 50 கி.மீ. தள்ளி, மென்லோ பார்க்கில். நம்ம ஓசூர்–பெங்களூரு தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அங்கே உட்கார்ந்திருந்த பில் பாக்ஸ்டனின் முகம் திரையில் தெரிந்தது; அவருடைய சுட்டியும் இவருடைய சுட்டியும் ஒரே பக்கத்தில் நகர்ந்தன. ஆளும் தெரிந்தார், அவர் கை எங்கே என்பதும் தெரிந்தது.

1990களில் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் கார்ல் குட்வினும் சால் கிரீன்பெர்க்கும் இதையே ஆராய்ந்தார்கள். யார் இருக்கிறார், என்ன செய்கிறார், எங்கே செய்கிறார்? ஒரே அறையில் இருந்தால் இவை கேட்காமலே தெரியும். தூரத்தில் இருப்பவருக்கு யாராவது காட்டினால்தான் உண்டு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளலை. சில வருஷம் முன்பு, ஓசூரில் ஒரு தொழிற்சாலை. எங்கள் சுவர்த் திரையில் இருப்பதே பெங்களூரு டீமுக்கும் தெரியும். ஒருநாள் லைன் நின்று திரை சிவப்பானது. ஃபிட்டர் கன்வேயருக்குள் கை விட்டிருந்தது எங்களுக்குக் கண்ணாடி வழியே தெரிந்தது. பெங்களூருக்குத் தெரிந்தது சிவப்பு மட்டும். அங்கிருந்து ஒருத்தர், உதவுவதாக நினைத்து, ரீசெட் கொடுத்துவிட்டார்.

ஃபிட்டர் மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டி, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று அட்டை மாட்டியிருந்தார். கை தப்பியது.

ஒரு தகர அட்டை செய்த வேலையை எங்கள் திரை செய்யவில்லை. மறுநாளே ஒரு பெட்டி சேர்த்தோம்: இந்த மெஷினில் இப்போது யார்? கோட் எழுத அரை நாள்கூட ஆகலை.