ஒரே கொழுந்து, இரண்டு உறக்கம்

இலங்கை மலையகத்து டிக்கோயாவில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்துக்குள் இரண்டு விதமான உறக்கம் உண்டு. ஒன்று மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுடையது. மற்றது, தோட்டத்தில் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் இராவேலை பார்க்கும் ஆணுடையது. இருவர் நேரத்தையும் பிரித்து வைப்பது அந்தக் கொழுந்துதான். பகலில் பறித்தது 12 முதல் 18 மணி நேரம் வாடிக் கிடந்து ஈரம் இறங்க வேண்டும். பதம் வந்த இலை விடியும்வரை காத்திருக்காது. ஊர் உறங்கும் நேரத்தில் இலையை உருட்டும் ரோலர் ஓடத் தொடங்கும்.

உறக்கத்தை மூளையில் இரண்டு விசைகள் ஆள்கின்றன என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பேலி விளக்கினார். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து கண்ணை அழுத்துகிறது. இது முதல் விசை. மற்றது உடற்கடிகாரம். மூளையின் ஹைப்போதலாமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட கரு அது. வெளிச்சம் பார்த்தே அது தன்னைத் திருத்திக்கொள்ளும். டிக்கோயாவில் ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை; ஆகவே இங்குள்ளவர்களின் கடிகாரம் சூரியனோடு இறுகக் கட்டப்பட்டிருக்கிறது.

கொழுந்து பறிப்பவருக்கு இந்தக் கட்டு துணைதான். இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அடினோசினும் போதிய அளவு சேர்ந்திருக்கிறது. படுத்த கொஞ்ச நேரத்தில் செக்கனுக்கு நான்குக்கும் குறைவான பெரிய, மெதுவான அலைகள் மூளையில் எழும்; உடல் அலுப்பைத் தீர்க்கும் ஆழ்துயில் இது. ஆனால் ஓர் இரவு முழுதும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஆழ்துயில் முன்னிரவில் மிகுதி; கண்விழிகள் இமைக்குள் அசையும் கனவுத் துயில் விடியலை ஒட்டித்தான் அடர்ந்து வரும். பிள்ளைகளுக்கு ரொட்டி சுட, தண்ணீர் பிடிக்க, காலை வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்குப் புறப்பட அந்தப் பெண் நாலு மணிக்கு எழும்போது அறுபடுவது இந்தக் கடைசிப் பகுதி. மனத்தை அலைக்கழிக்கும் நினைவுகளை ஆற்றிப் பதப்படுத்துவதில் கனவுத் துயிலுக்குப் பங்குண்டு. விடியலை ஒட்டிய இரண்டு மணி நேரம்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஸ்டோரில் வேலை பார்ப்பவருக்கு அறுபடுவது வேறு பக்கம். காலை எட்டு மணிக்குப் படுக்கும்போது அடினோசின் நிறைந்திருப்பதால் ஆழ்துயில் உடனே வரும். ஆனால் வீடு திரும்பும் வழியிலேயே காலை வெளிச்சம் கண்ணில் பட்டு, கடிகாரத்துக்குப் பகல் என்று உறுதி சொல்லிவிடுகிறது. நாலைந்து மணி நேரத்தில் அழுத்தம் தணிந்ததும் கடிகாரம் அவரை எழுப்பிவிடும். போதாததற்கு லயத்தின் ஒற்றைச் சுவர் அடுத்த வீட்டுப் பேச்சை எல்லாம் உள்ளே விடுகிறது. துயிலின்போது மூளையின் தலாமஸ், செக்கனுக்கு 11 முதல் 16 வரையான குறுகிய அதிர்வுகளை எழுப்பி வெளியிலிருந்து வரும் சத்தத்தை மறிக்கும். இந்த அதிர்வு மிகுந்தவர்கள் சத்தத்துக்கு எளிதில் விழிப்பதில்லை என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சத்தத்தை மறிக்கும் இந்த மதகு எல்லோருக்கும் ஒரே பலமாக இருப்பதில்லை.

இருவரும் கை நீட்டுவது சாயத்தண்ணிக்கு, அதாவது பால் இல்லாத தேநீருக்கு. அதிலுள்ள கஃபீன் அடினோசினைக் கரைப்பதில்லை. அடினோசின் அமரும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. குடித்ததில் பாதி உடலை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம். விடியற்காலையில் ஸ்டோரில் குடித்தது எட்டு மணிப் படுக்கைக்கும் கூடவே வரும்.

இராவேலையின் கேட்டை உலகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. 2007இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. ஆனால் நாலு மணி அடுப்படியைத் தோட்டத்தின் வேலைப் பதிவேடான எந்தச் செக்ரோலும் பதிவதில்லை. என் கணிப்பில் அதிகம் கவனிக்கப்படாதது அந்தப் பெண்ணின் இழப்பே. ‘நேரத்தோடு படு’ என்ற அறிவுரையும் அவருக்கு உதவாது. வழக்கமான படுக்கை நேரத்துக்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் கடிகாரம் மூளையை மிகக் கெட்டியாக விழிக்கவைக்கிறது. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாற்றுவது ஆணுக்கும் உதவாது. கடிகாரம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே நகரும், அது முழுதும் வந்து சேர்வதற்குள் முறை மாறிவிடும். ஸ்டோரில் முறையை மாதக்கணக்கில் நிலையாக வைக்கலாம். லயத்தில் நாலு மணி அடுப்பை வீட்டிலுள்ள வேறொருவர் மூட்டலாம்.